ஒரு பாட்டும் பள்ளிப் பிள்ளைகளும்

இலக்கியத் தொடரொன்றில் றொக் இசைக்குழுவின் பொப் பாடலைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கூற்றை யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் எப்படி மாறுகிறது என்பது இலக்கியத்தின் பழைய பிரச்சினை. அந்தப் பிரச்சினையை நாடறிய, ஏன், உலகறியச் சந்திக்கு இழுத்து வந்த பாடல் என்பதனாலேயே இதை எடுத்துக்கொண்டேன்.

பிங்க் ஃப்ளொய்ட் என்ற ஆங்கிலேயக் குழுவினரின் 'அனதர் பிறிக் இன் த வோல்', இரண்டாம் பகுதி. 'சுவரிலே இன்னுமொரு செங்கல்' என்று தமிழில் சொல்லலாம். 1979 நவம்பரில் தனி இசைத்தட்டாக வெளிவந்த இப்பாடல், அந்த ஆண்டு நத்தார் காலத்தில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்று, ஐந்து வாரம் அந்த இடத்தில் நின்றது. 1980 மார்ச்சில் அமெரிக்காவிலும் முதலிடம். உலகெங்கும் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன.

இத்தனைக்கும் இக்குழுவினர் தனிப்பாடல்களை மதிக்காதவர்கள். 1968க்குப் பின்னர் பிரித்தானியாவில் அவர்கள் ஒன்றுகூட வெளியிடவில்லை. முழு இசைத்தட்டையும் ஒரு காவியம் போலத் தொடர்ச்சியாகக் கேட்கவேண்டும் என்பது அவர்களுடைய கட்சி. றொஜர் வோட்டர்ஸ் எழுதிய மூலப் பாடலோ ஒரேயொரு சரணமுள்ள சிறிய துண்டு. தயாரிப்பாளர் பொப் எஸ்ரின்தான் அதற்கு டிஸ்கோ நடனத் தாளத்தைப் போடச் செய்தவர். கிற்றார் கலைஞர் டேவிட் கில்மோரை நடன விடுதிகளுக்குப் போய் அந்தத் தாளத்தைக் கேட்டு வருமாறு அனுப்பியவரும் அவரே. சரணத்தை இரண்டாவது முறையும் ஒட்டிப் பாட்டை நீட்டினார்கள். நீட்டிய பகுதியைப் பாடுவதற்குப் பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

வட லண்டனின் இஸ்லிங்ரன் பகுதியிலுள்ள ஓர் அரசாங்கப் பாடசாலையின் 23 மாணவர்கள், அவர்களுடைய இசை ஆசிரியரின் உற்சாகத்தோடு வந்து பாடினார்கள். அவர்கள் குரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை பதிந்து ஒரு பெரும் கூட்டத்தின் ஓசையை உண்டாக்கினார்கள். அதிபர் பாடல் வரிகளை முன்கூட்டிப் பார்க்கவில்லை. பார்த்த பின்னர், பிள்ளைகள் தொலைக்காட்சியில் தோன்றுவதைத் தடுத்துவிட்டார். பாடசாலைக்குக் கிடைத்தது 1,000 பவுண். பாடியவர்களுக்கு உரிமைப் பணம் சேரவேண்டும் என்ற கோரிக்கை 2004 இல், அப்பிள்ளைகள் நடுவயதை எட்டும் காலத்திலேதான் எழுந்தது.

பாட்டின் முதல் வரி கல்வி வேண்டாம் என்கிறது. சொல்லும் முறையில் இரண்டு எதிர்மறைகள் வருகின்றன. இதைக் கேட்ட ஆங்கில ஆசிரியர்கள் பலருக்குக் கோபத்தோடு ஒரு திருப்தியும் உண்டாயிற்று. எதிர்மறை இரண்டு சேர்ந்தால் உடன்பாடு அல்லவா! நாமும் 'இல்லாமல் இல்லை' என்றால் 'இருக்கிறது' என்றுதானே கொள்கிறோம். ஆகவே கல்வி வேண்டாம் என்கிற இவர்களுக்குக் கல்வி வேண்டும் என்பதை இவர்களின் வாக்கியமே காட்டிக்கொடுக்கிறது என்று நகைத்தார்கள். நகைப்பு நல்லதுதான், ஆனால் அரைகுறையானது. லண்டன் தெருக்களின் பேச்சில் இரட்டை எதிர்மறை மறுப்பை அழுத்திச் சொல்லும் வழி. சோசரின் கவிதையிலும் அந்த வழக்கு உண்டு. பிழை என்று அதைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தள்ளியவர்கள் 18 ஆம் நூற்றாண்டு இலக்கணகாரர்கள். தள்ளப்பட்ட பேச்சிலேயே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை மறுப்பதுதான் இவ்வரியின் நயம் என்பேன்.

கல்வி அதிகாரிகள் கண்டித்தார்கள். கண்டித்தவர்கள் இதனைக் கவிஞரின் கல்விக் கொள்கையாக எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 'த வோல்' ஒரு கதை. பிங்க் என்ற பாடகன் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்புகிறான். போரில் இறந்த தந்தை ஒரு செங்கல். மாணவனைக் கூசவைக்கும் ஆசிரியர் இன்னொரு செங்கல். வோட்டர்ஸின் தந்தையும் 1944 இல் இத்தாலியின் அன்சியோவிலே போரில் மாண்டவர். அந்தத் தந்தை ஓர் ஆசிரியர், தாயும் ஆசிரியை. கல்வியை வெறுக்கும் வீட்டிலிருந்து வந்த பாட்டல்ல இது. அலன் பாக்கர் 1982 இல் எடுத்த திரைப்படத்தில், சிறுவன் எழுதிய கவிதையை ஆசிரியர் பறித்து வகுப்புக்கு வாசித்துக் காட்டி ஏளனம் செய்கிறார். கேட்போர் அஞ்சும்படி பேசுவதை ஆசிரியர் ஆகாதவரின் இயல்புகளில் ஒன்றாக நன்னூலார் வைத்திருப்பது நினைவுக்கு வரும். அந்தப் பேர்வழியையே பாட்டு சாடுகிறது.

கதையிலிருந்து பிரித்துத் தனித்தட்டாக்கியதால்தான் இந்தத் தவறான வாசிப்பு என்று இசைத் தூயவாதிகள் சொல்வார்கள். டிஸ்கோத் தாளம் வேறு அவர்களை உறுத்தியது. அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அந்தத் தட்டு தென்னாபிரிக்காவுக்குப் போனபோது நடந்ததை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

கறுப்பினப் பிள்ளைகளை அடிமட்ட உழைப்புக்கு மாத்திரம் தயார்செய்யும் நோக்கத்தோடு 1953 இல் பன்டு கல்விச் சட்டம் கொண்டுவந்த நாடு அது. கலப்பினத்தவர் என்று வகுக்கப்பட்டவர்களுக்கும் வேறொரு தாழ்ந்த கல்வியே. 1976 இல் சொவெற்றோவில் மாணவர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1980 ஏப்ரலில் கேப் பகுதியின் கலப்பினப் பாடசாலைகளில் பகிஷ்கரிப்புத் தொடங்கியது. பாடநூல் இல்லை, உடைந்த யன்னல்கள் திருத்தப்படவில்லை, வெள்ளைப் பிள்ளை ஒன்றுக்கு அரசு செலவிடுவதில் சிறு பங்குதான் தங்களுக்கு என்று மாணவர்கள் முறையிட்டார்கள். அவர்களுடைய வாயில் இந்தப் பாட்டு ஏறியது. 1980 மே மாதத் தொடக்கத்தில் அரசாங்கம் அதைத் தடைசெய்தது.

அப்பிள்ளைகளில் எத்தனை பேர் பிங்கின் கதையை அறிந்திருப்பார்கள்? அறிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. லண்டனில் இருபொருளாகவும் விகடமாகவும் ஒலித்த வரி, கேப்டவுனில் நேர்ப்பொருள் கொண்டது. கல்வி வேண்டாம் என்றால், நீ தருகிற இந்தக் கல்வி வேண்டாம் என்பதே. சிந்தையைக் கட்டுப்படுத்துவது பற்றி வோட்டர்ஸ் எழுதியது அங்கே சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. கூட்டமாகப் பாடுவதற்கும் கால்களை மிதித்து நடப்பதற்கும் எஸ்ரினின் தாளமும் லண்டன் பிள்ளைகளின் கூட்டுக் குரலும் தோதாக அமைந்தன. காவியத்தை முழுமையாக வைத்துக்கொண்டிருந்தால் அந்த ஊர்வலங்களில் அது ஒலித்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. தூயவாதிகள் பழித்த இரண்டு காரியங்களும் இங்கே பாட்டைக் காப்பாற்றியிருக்கின்றன.

ஆனாலும் வீட்டில் இசைத்தட்டு வைத்திருக்கும் நேயர்களுக்கு ஒரு சிறு வேண்டுகோள். இதற்கு முன்னால் வரும் குறும்பாட்டிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். வகுப்பில் பிள்ளைகளை வருத்தும் அந்த ஆசிரியர்கள் வீட்டில் மனைவியரிடம் அடிபடுவதை அது சொல்கிறது. வானொலிகளில் அந்தப் பகுதியை விட்டுவிடுவதும் உண்டு.