மக்காச்சோளம் காப்பாற்றிய கொக்குகள்

இன்றைய பயணம் ஜப்பானின் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவுக்கு. டோக்கியோவிலிருந்து விமானம் ஏறி குஷிரோவில் இறங்கினால், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் சுருய் என்ற கிராமம் வந்துவிடும். மாட்டுப் பண்ணைகளும் வைக்கோல் கொட்டகைகளும் பால் ஏற்றிப்போகும் லாரிகளுமாக, வெளியூர்க்காரருக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லாததுபோலத் தோன்றும். ஆனால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் விடிவதற்கு முன்பே போனால்கூட, அந்த ஊரின் ஒதோவா பாலத்தில் கேமரா முக்காலி வைக்க இடம் கிடைக்காது.

பாலத்துக்குக் கீழே ஓடுவது செட்சுரி ஆறு. காற்று மைனஸ் இருபது டிகிரியைத் தொடும் இரவிலும் இந்த ஆறு முழுதாக உறைவதில்லை. ஊற்றுநீர் கலந்துகொண்டே இருப்பதுதான் காரணம். காற்றைவிட நீர் சூடு என்பதால் ஆற்றிலிருந்து ஆவி எழும்பி, கரையோர மரக்கிளைகளில் வெள்ளைப் பூவாக உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அந்த ஆவிக்குள், முழங்கால் அளவு நீரில், தாஞ்சோ என்ற வகைக் கொக்குகள் நின்றபடி தூங்குகின்றன. நரி வந்தாலும் நீரில் சத்தம் கேட்டுவிடும். காலுக்கும் கொஞ்சம் கதகதப்பு.

நம் வயலில் நிற்கும் கொக்கை நினைத்துக்கொண்டு போகிறவர்கள் அதன் உயரத்தைக் கண்டு திகைத்துப்போவார்கள். தாஞ்சோ ஒன்றரை மீட்டர் வரை நிற்கும். இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெள்ளை உடல், கறுத்த கழுத்து, உச்சந்தலையில் சிவப்பு. அந்தச் சிவப்பு இறகு அல்ல, இறகில்லாத தோல். நிற்கும்போது கறுப்பு வால்போலத் தெரிவதும் வால் அல்ல, மடித்த இறக்கையின் கடைசி இறகுகள். பறக்கும்போது எடுத்த படத்தில்தான் வால் வெள்ளை என்பது தெரியும். ஜோடி சேர்ந்து கூவும்போது ஆண் ஒரு குரல் கொடுக்க, பெண் இரண்டு குரலால் பதில் சொல்லும். உறைபனி விடியலில் சூரியனுக்கு எதிர்த்திசையிலிருந்து பார்த்தால், அந்தக் கூவலோடு வெளிவரும் மூச்சு பொன்னிறப் புகையாக மின்னும். உலகம் முழுவதிலிருந்தும் புகைப்படக் கலைஞர்கள் இங்கே வருவது அந்தப் புகைக்காகத்தான்.

படம் எடுப்பது அத்தனை எளிதல்ல. எங்கும் பனியாக இருக்கும் காட்சியைக் கேமரா சாம்பல் நிறமாக்கிவிடும். அதனால் எக்ஸ்போஷரை ஒரு படியாவது ஏற்றி வைப்பார்கள். அதிகமாக ஏற்றினால் கொக்கின் வெள்ளை இறகில் விவரமே மிஞ்சாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் மாற்று பேட்டரிகளைச் சட்டைக்கு உட்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருப்பது வழக்கம். திரும்பி வந்ததும் கேமராவை நேராக அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸ் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும். வெளியிலேயே பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

இந்தப் படங்கள் அத்தனைக்கும் லென்ஸைவிட முக்கியமான கருவி ஒன்று உண்டு. அது மக்காச்சோளம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேட்டையும் சதுப்புநிலங்களை வடித்து வயலாக்கியதும் சேர்ந்து, ஜப்பானில் தாஞ்சோவே அற்றுப்போனது என்று எல்லோரும் நம்பினார்கள். 1924-இல் குஷிரோ சதுப்புநிலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க சில கொக்குகள் உயிரோடு இருப்பது தெரியவந்தது. 1950-களின் தொடக்கத்தில், கடும் குளிரில் தீனியின்றித் தவித்த பறவைகளுக்கு இப்பகுதி விவசாயிகளும் பள்ளிப் பிள்ளைகளும் சோளம் இறைத்தார்கள். 1952 கணக்கெடுப்பில் இருந்தவை 33 கொக்குகள். இன்று ஹொக்கைடோவில் இருப்பவை ஏறத்தாழ 1,800. சுருயில் 1987-இல் தொடங்கிய சரணாலயத்துக்கு, பல ஆண்டுகள் கொக்குகளுக்குத் தீனி போட்ட இட்டோ என்ற விவசாயியின் பெயரையே சேர்த்து வைத்திருக்கிறார்கள். குஷிரோ சதுப்புநிலம் தேசியப் பூங்கா ஆனதும் அதே ஆண்டில்தான்.

தீனி போட்டு வரவழைத்த பறவையைப் படம் எடுத்துவிட்டுக் ‘காட்டுயிர்’ என்று போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சுருயைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்குப் பலம் குறைவு. இங்கே சோளம் இறைத்தது கொக்கைக் காப்பாற்ற, கேமராக்காரர்கள் வந்தது பிறகு. ஆனால் இதே ஹொக்கைடோவின் கிழக்குக் கரையில், ராவுசு துறைமுகத்தில் கதை வேறு. ஒகோட்ஸ்க் கடலிலிருந்து மிதந்துவரும் பனிப்பாளங்கள்மேல் ஸ்டெல்லர் கடற்கழுகுகள் உட்கார்ந்திருக்கும். ஒன்பது கிலோ வரை எடை, இரண்டரை மீட்டர் இறக்கை. விடியலுக்கு முன் சுற்றுலாப் படகுகள் கிளம்பி, பனிமேல் மீனை வீசுகின்றன. உலகப் புகழ்பெற்ற ராவுசு கழுகுப் படங்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு மீன் கூடை இருக்கிறது. எடுக்கக் கூடாது என்பதில்லை. படத்தின் கீழே அதையும் ஒரு வரி எழுதிவிட்டால் நேர்மை.

சுருயிலும் காலம் மாறுகிறது. எல்லாக் கொக்குகளும் இரண்டு மூன்று இடங்களில் குவிந்தால், பறவைக் காய்ச்சல் ஒருமுறை வந்தாலே கூட்டம் மொத்தமும் ஆபத்தில் விழும். பண்ணைக்குள் புகுந்து மாட்டுத் தீவனத்தைத் தின்பதும் தொல்லையாகிவிட்டது. ஆகவே ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 முதல் முக்கியத் தீனியிடங்களில் சோளத்தைப் படிப்படியாகக் குறைத்து வருகிறது. நூற்றுக்கணக்கான கொக்குகள் ஒரே வயலில் ஆடும் படம் வேண்டுமென்போர் தாமதிக்காமல் போவது நல்லது. போகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பனி மூடிய அந்த வெள்ளை வெளி பொது மைதானம் அல்ல, ஒருவருடைய மேய்ச்சல் நிலம். சாலையோரத்தைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

கொக்குகள் புதிய இடங்களைத் தேடி ஏற்கெனவே கிளம்பிவிட்டன. 2020-இல் சப்போரோவுக்குப் பக்கத்தில் நாகனுமா என்ற ஊரில், வெள்ளநீர் தேக்குவதற்காக வெட்டிய நீர்த்தேக்கத்தில், ஒரு ஜோடி குஞ்சு பொரித்தது. அந்தப் பகுதியில் தாஞ்சோ குஞ்சு பொரித்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.