சொல்பவரும் கேட்பவரும் சேர்ந்து ஆக்கும் வரலாறு
முதியோர் வாழ்க்கை நேர்காணல் குறித்த கருத்தரங்கின் தலைமை உரை

மதுரை மாநகருக்கு மேற்கே, தேனி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, நாகமலையின் அடிவாரத்தில் அமைந்த நாகமலை புதுக்கோட்டையில் கூடியிருக்கும் இக்கருத்தரங்கிற்குப் பேராசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள், இவர்கள் எல்லோருக்கும் மேலாகத் தங்கள் வாழ்க்கையைச் சொல்ல இசைந்த முதியோர் ஆகியோர் வந்துள்ளனர். கருத்தரங்கின் பொருள், முதியவர் ஒருவரிடம் அவருடைய வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்தல் என்பதாகும். ஒருவர் தாம் கண்டதையும் பட்டதையும் தம் வாயால் சொல்ல, அதை ஆய்வாளர் ஒலியாகவும் எழுத்தாகவும் பதிந்து வரலாற்றுச் சான்றாகப் பயன்படுத்தும் முறையை வாய்மொழி வரலாறு என்றும், அதற்குள் ஒரு தனிமனிதரின் பிறப்பு முதல் இன்று வரையான வாழ்வை முழுமையாகக் கேட்டறியும் வகையை வாழ்க்கை வரலாற்று நேர்காணல் என்றும் அறிஞர் வழங்குவர்.

இப்பொருளை ஆராய இவ்வூர் மிகப் பொருத்தமான இடமாகும். அருகிலுள்ள கீழக்குயில்குடிச் சமணர் மலையில், தீர்த்தங்கரர் உருவங்களைச் செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் படிக்கக் கிடைக்கின்றன. 1966இல் தோன்றிய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் சற்றுத் தொலைவில் இருக்கிறது. ஆனால் அக்கல்வெட்டுக்கும் இப்பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் உழுதும், மாடு மேய்த்தும், மதுரை ஆலைகளில் நூல் நூற்றும், சந்தையில் காய்கறி விற்றும் வாழ்ந்தவர்களின் பெயர்கள் பத்திரப் பதிவேடு, வாக்காளர் பட்டியல் போன்ற ஒருசில ஏடுகளுக்கு வெளியே எங்கும் எழுதப்படவில்லை. இன்று எண்பது வயதைக் கடந்திருப்பவர்கள் 1959இல் வைகை அணை திறக்கப்பட்டதையும், கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியதையும், 1965 ஜனவரியில் மதுரை வீதிகளில் மூண்ட இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையும், புஞ்சைக் காடாகக் கிடந்த நிலம் வீட்டு மனைகளாக மாறியதையும் கண்ணால் கண்டவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டாக வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க இயலாது. எவ்வாறு கேட்பது, கேட்டதை எவருடையதாகக் கருதுவது என்பவையே இக்கருத்தரங்கு ஆராய வேண்டிய வினாக்கள்.

இத்துறையின் தொடக்கம், பொதுவாழ்வில் பெயர்பெற்றோரை மையமாகக் கொண்டிருந்தது. 1948இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுத் திட்டமும், 1966இல் தில்லி நேரு நினைவு அருங்காட்சியகமும் நூலகமும் தொடங்கிய திட்டமும் பெரும்பாலும் தலைவர்களையும் அரசியலில் பங்கெடுத்தோரையுமே நாடின. தமிழில், உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை எழுதுவதற்காக, அவரை அறிந்திருந்த முதியோரிடம் கேட்டுத் திரட்டிய செய்திகளை இம்முறையின் முன்னோடி முயற்சி எனலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' என்னும் ஆய்வு, அக்கோயிலோடு உறவுடைய பல சாதி மக்களிடம் கேட்டறிந்த செய்திகளைக் கல்வெட்டுகளோடும் இலக்கியங்களோடும் ஒரே வரிசையில் வைத்து, எழுதப்படாத நினைவும் சான்றே என்பதை இவ்வட்டாரத்து ஆய்வாளர்களுக்கு உணர்த்தியது.

இத்தலைமை உரை வலியுறுத்த விரும்பும் கருத்து ஒன்றே. முதியவரின் நெஞ்சில் வாழ்க்கை வரலாறு ஏற்கெனவே முழுமையாக எழுதப்பட்டுக் கிடப்பதாகவும், ஆய்வாளர் சென்று அதை எடுத்து வருவதாகவும் கருதுவது பொருந்தாது. கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார் என்று சொல்பவர் எண்ணுகிறாரோ அதற்கேற்பவே சொல் பிறக்கிறது. ஆகவே ஒவ்வொரு வாழ்க்கை வரலாறும் இருவர் கூடி ஆக்கிய ஆக்கமாகும். கேட்டவரின் பங்கை மறைக்காமல் காட்டுவதும், சொன்னவருக்கு ஆசிரியருக்குரிய இடத்தை அளிப்பதும் இத்துறையின் முதல் அறங்கள் ஆகும்.

இதற்கு உலக அளவில் நன்கறியப்பட்ட சான்று 1937இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்தது. அடிமைமுறையில் பிறந்து வளர்ந்த முதியோரின் நினைவுகளைத் தொகுக்க அந்நாட்டு அரசு அமர்த்திய பணியாளர்களுள், வெள்ளையரான ஜெஸ்ஸி பட்லரும் கறுப்பரான அகஸ்டஸ் லாட்சனும் சார்ல்ஸ்டன் நகரில் வாழ்ந்த சூசன் ஹாம்லின் என்னும் முதுமகளைத் தனித்தனியே கண்டு பேசினர். பட்லரை உதவித்தொகை அலுவலகத்திலிருந்து வந்தவர் என்று கருதிய அம்மூதாட்டி, தம் பழைய எசமானர் நல்லவர் என்று அவரிடம் சொன்னார். லாட்சனிடமோ, அடிமைகள் பட்ட அடியையும், தாயும் பிள்ளையும் பிரிக்கப்பட்டு விற்கப்பட்ட கொடுமையையும் எடுத்துரைத்தார். பிற்கால ஆய்வாளர்கள் இவ்விரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிடாமல், ஒரே வாழ்க்கை இருவேறு செவிகளுக்கு இருவேறாகச் சொல்லப்பட்டதன் காரணத்தை ஆராய்ந்தனர். கேட்டவர் யார் என்ற குறிப்பு இரு பதிவுகளோடும் காக்கப்பட்டிருந்ததாலேயே அந்த ஆராய்ச்சி இயன்றது.

சார்ல்ஸ்டனில் நிகழ்ந்தது மதுரைச் சீமையிலும் நாள்தோறும் நிகழக்கூடியதே. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1962 முதல் நடைமுறையில் இருந்து வருகிறது. கையில் தாளும் பேனாவுமாகத் திண்ணையில் வந்து அமரும் இளைஞரை, பென்ஷனுக்கு மனு எழுத வந்தவர் என்றே பல முதியோர் முதலில் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் நீங்காத வரையில் வறுமை சற்று மிகுத்துச் சொல்லப்படும். மகன் அனுப்பும் பணம் சொல்லப்படாது. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஆய்வு மாணவி ஒருவர் "அப்பத்தா" என்றோ "தாத்தா" என்றோ உறவு சொல்லி அழைத்த அளவிலேயே, சொல்பவர் பேத்திக்குச் சொல்லும் நிலைக்கு வந்துவிடுகிறார். பேத்தி கேட்கத் தகாதவை விலக, பேத்திக்குப் பயன்படும் அறிவுரைகள் மிகுகின்றன. உறவு சொல்லி அழைப்பது இம்மண்ணின் இயல்பு. அதை விடுவது மரியாதைக் குறைவாகும் என்பதால், அவ்வழைப்பு கதையின் போக்கை எவ்வாறு மாற்றியது என்பதைப் பதிவின் முன்குறிப்பில் எழுதுவதே ஆய்வாளர் செய்யத்தக்கது.

உறவையே அடிப்படையாகக் கொண்டு எழுந்த சிறந்த நூல் ஒன்று மதுரை வாழ்க்கையிலிருந்தே கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் மானிடவியல் பேராசிரியராக விளங்கும் ஆனந்த் பாண்டியன், மதுரையில் பழ வியாபாரம் செய்து பெருங்குடும்பத்தைத் தாங்கிய தம் தாத்தா எம். பி. மாரியப்பனிடம் அவருடைய வாழ்க்கையைக் கேட்டுப் பதிவு செய்தார். பர்மாவில் கழிந்த இளமை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை நுழைந்தபோது குடும்பத்தோடு அங்கிருந்து கால்நடையாக வெளியேறிய துன்பம், ஊர் திரும்பிய பின் கடை வைத்து நிலைபெற்ற உழைப்பு ஆகியவை தாத்தாவின் சொல்லாக அமைய, பேரனின் சிந்தனைகள் தனிப் பகுதிகளாக உடன் வருகின்றன. தமிழில் 'மிச்சம் மீதி' என்ற பெயரிலும், 2014இல் ஆங்கிலத்திலும் வெளியான அந்நூலுக்கு ஆசிரியர்கள் இருவர். புதுச்சேரியை அடுத்த காரணிக் கிராமத்தில் வாழ்ந்த வேளாண் தொழிலாளியான வீரம்மா, ஆய்வாளர் ஜோசியான் ரசீனிடம் பல ஆண்டுகள் சொல்லிவந்த வாழ்க்கை பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் நூலானபோதும், ஆசிரியர் வரிசையில் வீரம்மாவின் பெயர் இடம்பெற்றது. சொன்னவரைத் 'தகவலாளர்' என்ற பெயரற்ற நிலையில் நிறுத்தி, எழுதியவர் மட்டும் ஆசிரியராவது தவிர்க்க இயலாத மரபு என்று கூறுவோருக்கு இவ்விரு நூல்களும் தக்க விடையாகும்.

அடுத்து எழும் வினா, முதியோரின் நினைவை எவ்வளவு நம்பலாம் என்பது. இத்தாலியின் தெர்னி நகரில் 1949 மார்ச்சில் நடந்த ஊர்வலத்தில் லூயிஜி த்ரஸ்துல்லி என்னும் இளந்தொழிலாளி காவலர் சுட்டு இறந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அந்நகர முதியோரிடம் பேசிய வாய்மொழி வரலாற்று ஆய்வாளர் அலெசாந்த்ரோ போர்த்தெல்லி, அவர்களுள் பலர் அச்சாவை 1953ஆம் ஆண்டு நடந்த ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தோடு சேர்த்துச் சொல்வதைக் கண்டார். ஆண்டு பிழையே. ஆயினும் வேலை பறிபோனதே அம்மக்களின் நெஞ்சை மிக வருத்திய நிகழ்ச்சி என்பதையும், தங்களில் ஒருவரின் சாவை அதனோடு இணைத்தே அவர்கள் பொருள் கண்டனர் என்பதையும் அப்பிழையே காட்டிக்கொடுத்தது. நிகழ்ந்த நாளை ஆவணத்திலும் அதன் பொருளை நினைவிலும் தேடுவது என்ற முறை இவ்வாறு உருவாயிற்று.

இம்முறையின் தேவையை நாகமலையின் சுற்றுப்புறம் போல உணர்த்தத்தக்க இடம் வேறில்லை. ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பால் குற்றவாளிகள் என்று முத்திரையிட்ட குற்றப் பழங்குடிகள் சட்டம், மதுரைப் பகுதியில் 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர் மீது ஏவப்பட்டுப் பின்னர் பிறமலைக் கள்ளர் அனைவர் மீதும் விரிந்தது. ஆண்கள் விரல்ரேகை பதியவும், இரவில் காவலர் கண்காணிப்பில் உறங்கவும், வெளியூர் செல்லச் சீட்டுப் பெறவும் கட்டாயப்படுத்தப்பட்டனர். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் மாயக்காள் உள்ளிட்ட பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947இல் நீங்கியது. அரசு ஆவணங்கள் இவற்றை ஒழுங்கு காக்கும் நடவடிக்கைகளாகவே எழுதிவைத்துள்ளன. கணவனும் மகனும் மாலையில் வீட்டை விட்டுச் சாவடிக்குப் போக, பெண்கள் இராக்காவல் இன்றிக் கிடந்த அச்சத்தை எந்த ஆவணமும் எழுதவில்லை. 'ரேகைச் சட்டம்' என்ற பெயரோடு அந்த அச்சத்தைத் தம் தாயிடம் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்று மூப்படைந்துவிட்டது. நேரில் கண்டதையும் பெற்றோர் சொல்லக் கேட்டதையும் பிரித்துக் குறிப்பது இத்தகைய பதிவுகளில் இன்றியமையாதது.

கேட்கும் முறையைப் பற்றியும் சிறிது விரித்துரைத்தல் தகும். "எந்த ஆண்டு?" என்ற கேள்விக்கு முதியோரிடம் விடை கிடைப்பது அரிது. ஆனால் தமிழ் ஆண்டின் பெயர் நினைவிருந்தால் கணக்கிட்டுவிடலாம்; தாரண வருஷம் ஆவணி என்று ஒருவர் தம் பிறப்பைச் சொன்னால் அது 1944 என்று கொள்ளலாம். அதுவும் இல்லாத இடத்தில் இவ்வட்டாரத்து வீடுகளில் கைகொடுப்பது மொய் நோட்டு. காதுகுத்து, சடங்கு, திருமணம் ஆகியவற்றில் வந்த மொய்யை ஊர், பெயர், தொகை என்று வரிசையாக எழுதிவைத்த அந்நோட்டை மரப்பெட்டியிலிருந்து எடுத்து விரித்தால், முதல் பக்கத்தில் நாள் இருக்கும். விரல் ஒவ்வொரு பெயராகக் கீழிறங்கும்போது, இரண்டு ரூபாய் எழுதிய தாய்மாமன் அந்த ஆண்டு மாடு விற்று வந்தது முதல், பெயரே இல்லாத பங்காளியோடு இருந்த வழக்கு வரை தாமே சொல்லாக வெளிப்படும். தொழிலைப் பற்றிய கேள்வியும் இவ்வாறே அமைய வேண்டும். கமலை இறைத்தவரிடம் அதன் பயனைக் கேட்டால் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். கிணற்றடிக்கே அழைத்துச் சென்று, மாடு சரிவில் இறங்கும்போது வடத்தில் எங்கே உட்கார்ந்தார், சால் நிறைந்ததை எதனால் அறிந்தார், மாட்டைப் பின்னடி வைக்க எப்படி அதட்டினார் என்று கேட்டால், வாய்க்கு முன்னே கைகளும் உடலும் விடை சொல்லத் தொடங்கும்.

பெண்களிடம் கேட்பதில் தனிக் கவனம் வேண்டும். கேள்வி மூதாட்டியிடம் இருக்க, விடை மகனிடமிருந்து வருவதும், "அதுக்கு என்ன தெரியும்" என்று அவர் அதனை முடித்துவைப்பதும் பல வீடுகளில் காணக்கூடியது. அடுப்படியிலோ, ஆடு கட்டும் இடத்திலோ, ஆண்கள் வேலைக்குப் போன பின்னர் தொடரும் பேச்சில்தான் அடகு போன நகை, இறந்து பிறந்த குழந்தை, ஊருக்கு அரவை மில் வந்ததும் உரலும் உலக்கையும் ஓய்ந்த நாள் ஆகியவை வெளிவருகின்றன. இவை ஒரு வீட்டின் பொருளாதார வரலாறு என்பதை ஆய்வுலகம் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

பதிந்த ஒலியை எழுத்தாக்குதல் பொறுமையைக் கோரும் பணியாகும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத ஐந்தாறு மணி நேரமேனும் ஆகும். அப்போது "அம்புட்டு", "வெள்ளன", "வந்துச்சு" போன்ற மதுரைப் பேச்சை ஏட்டுத் தமிழாகத் திருத்துவோர், சொன்னவரின் குரலையே அழித்துவிடுகின்றனர். பேச்சை உள்ளபடி எழுதிய படி ஒன்றும், வாசகருக்காகச் செப்பம் செய்த படி ஒன்றும் தனித்தனியே இருப்பதும், ஆய்வாளரின் கேள்விகள் இரண்டிலும் நீக்கப்படாமல் இருப்பதும் நன்று.

சொல்ல மறுக்கும் உரிமையும் சொல்பவருடையது. பசியையும் சாதி இழிவையும் நிலத் தகராறில் சிந்திய இரத்தத்தையும் நெருங்கும்போது, "அதை எதுக்குப்பா இப்ப" என்று பேச்சு நின்றுவிடுமானால், பதிவுக் கருவியும் நிற்க வேண்டும். இன்றும் அதே தெருவில் வாழும் பிறரின் பெயர் வெளிப்பட்டால் எழும் பகைக்கு ஆய்வாளர் பொறுப்பேற்க முடியாது. அதைத் தாங்க வேண்டியவர்கள் அம்முதியவரும் அவர் பிள்ளைகளுமே. ஆதலால் இசைவு என்பது தொடக்கத்தில் ஒரு படிவத்தில் பெறும் கைந்நாட்டோடு முடிவதன்று. எழுதிய பின் அவருக்குப் படித்துக்காட்டி, வேண்டாதவற்றை நீக்கி, மீண்டும் ஒருமுறை பெற வேண்டியது.

இக்கருத்தரங்கின் அமர்வுகள் முடியும்போது மூன்று முடிவுகள் எட்டப்பட வேண்டும் என்பது இத்தலைமை உரையின் வேண்டுகோள். வாழ்க்கை வரலாற்றைச் சொன்னவர், மறைக்க விரும்பினாலன்றி, ஆசிரியராகப் பெயர் பெற வேண்டும். ஒவ்வொரு பதிவின் முகப்பிலும் கேட்டவர் யார், என்ன உறவில், எவர் உடனிருக்க, எதற்காகக் கேட்டார் என்ற குறிப்பு இடம்பெற வேண்டும். ஒலியும் எழுத்தும் ஆய்வேட்டோடு முடங்காமல், ஒரு படி அம்முதியவரின் வீட்டுக்கும், ஒரு படி அவ்வூர் நூலகத்துக்கோ பள்ளிக்கோ சென்று சேர வேண்டும். இம்மூன்றும் பெருஞ்செலவைக் கோருவன அல்ல. எண்பது ஆண்டு வாழ்ந்தவரைத் தனக்கு இணையான அறிஞராக மதிக்கும் மனத்தையே கோருவன. அம்மதிப்போடு கேட்கத் தெரிந்த ஆய்வாளர் தலைமுறை இவ்வட்டாரத்துக் கல்லூரிகளிலிருந்து எழ வேண்டும் என்ற விருப்பத்தோடு, கட்டுரை படிக்க வந்துள்ளோரும் வாழ்க்கை சொல்ல வந்துள்ளோரும் ஒரே மேடையில் அமரும் முதல் அமர்வு இத்துடன் தொடங்கி வைக்கப்படுகிறது.