கண்ணுக்குத் தெரியாத தூசி

கட்டட வேலை செய்யும் அண்ணன்மார்களே, அக்காமார்களே!

திருப்பதியில் விடுதிகளும் அடுக்குமாடி வீடுகளும் எழும்புகின்றன. சித்தூர் மாவட்டத்தில் குப்பம் பக்கம் கருங்கல் வெட்டுகிறார்கள். கல் அறுப்பவர், சுவரைத் துளைப்பவர், மணல் சலிக்கும் சித்தாள், தரை கூட்டும் பெண் எல்லோரும் நாள் முழுவதும் தூசியில்தான் நிற்கிறார்கள்.

மணலிலும் கருங்கல்லிலும் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. காங்கிரீட்டிலும் செங்கல்லிலும் டைல்ஸிலும் இருக்கிறது. இவற்றை அறுத்தால், உடைத்தால், தேய்த்தால் தூசி பறக்கும். பெரிய தூசி மூக்கில் தங்கிவிடும். மிக நுண்ணிய தூசி கண்ணுக்கே தெரியாது. அது நுரையீரலின் அடிவரை போகும். அங்கே புண்ணாகும். பிறகு தழும்பாகும். தழும்பு விழுந்த நுரையீரல் நன்றாக விரியாது. மூச்சு வாங்கும். இந்த நோய்க்குப் பெயர் சிலிகோசிஸ்.

இது உடனே தெரியாது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்தும் வரும். முதலில் இருமல். பிறகு படி ஏறினால் இளைப்பு. கடைசியில் ஒரு சட்டி மணல்கூடத் தூக்க முடியாது. வந்த தழும்பை மாற்ற மருந்து இல்லை.

இந்த நோய் உள்ளவரைக் காசநோயும் எளிதில் பிடிக்கும். ஒரு நோயை மற்றதாக நினைத்துவிடுவதும் உண்டு. ஆகவே டாக்டரிடம் இருமலை மட்டும் சொன்னால் போதாது. "இத்தனை வருஷம் கல் அறுத்தேன்" என்றும் சொல்லுங்கள்.

மத்தியப் பிரதேசத்து ஆதிவாசிகள் பலர் பிழைப்புத் தேடி குஜராத்தின் கோத்ராவுக்குப் போனார்கள். வெள்ளைக்கல்லைப் பொடியாக்கும் ஆலைகளில் வேலை செய்தார்கள். சிலிகோசிஸ் வந்து செத்தார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இறந்த 238 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பணம் வந்தது. போன உயிர் வந்ததா?

வெல்லம் தின்றால் தூசி போய்விடும் என்பார்கள். வெல்லம் போவது வயிற்றுக்கு. தூசி போவது நுரையீரலுக்கு. வழியே வேறு.

அப்படியானால் என்ன செய்வது? தண்ணீர்தான் முதல் காவல். தண்ணீர் விட்டுக்கொண்டே கல்லை அறுக்க வேண்டும். அதற்கென்று செய்த மெஷினையே கேளுங்கள். மின்வயர் நனையக்கூடாது. தண்ணீர் தெளித்துவிட்டுக் கூட்டுங்கள். காற்று வரும் பக்கம் நில்லுங்கள். துண்டு கட்டினால் நுண்ணிய தூசி நிற்காது. என்-95 முகக்கவசம் வேண்டும். மேஸ்திரியிடம் தனியாகக் கேட்கத் தயக்கமா? நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். பீடியை விடுங்கள். தூசித் துணியோடு பிள்ளையைத் தூக்காதீர்கள்.

இன்னொன்று. 1996-ல் வந்த சட்டப்படி கட்டடத் தொழிலாளர் நல வாரியங்கள் அமைந்தன. அதில் பதிய, வயது 18 முதல் 60-க்குள் இருக்க வேண்டும். முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு நோட்டு வாங்குங்கள். எந்த இடம், என்ன வேலை, எத்தனை நாள் என்று தினமும் எழுதுங்கள். வாரியத்தில் பதியும்போதும் டாக்டரிடம் சொல்லும்போதும் அந்த நோட்டு உதவும். எக்ஸ்ரே எடுத்தால் அதையும் பத்திரமாக வையுங்கள்.

நாளைக் காலை வேலை தொடங்குமுன் ஒரு வாளித் தண்ணீர் எடுத்து வையுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் சொல்லுங்கள்.