கோபுரம் எங்கே, ஆன்டெனா எது? – ஒரு வாகை மரம் கற்பித்த பாடம்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



எங்கள் உயர்நிலைப் பள்ளியிலிருந்து 6 கி.மீ. தொலைவில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. அங்கே கைப்பேசிச் சமிக்ஞை கிடைக்காது. வருகைப் பதிவை அனுப்ப அந்தத் தலைமையாசிரியை தினமும் பேருந்து நிறுத்தம் வரை நடப்பார். எங்கள் பள்ளியின் இணையத்தை வைஃபை மூலம் அங்கே கொண்டுசெல்லலாம் என்று நான்தான் முன்வந்தேன். பெற்றோர் ஆசிரியர் கழகம் பணம் கொடுத்தது.

மார்ச் மாதம் மொட்டைமாடியில் தொலைநோக்கியுடன் நின்றேன். அந்தப் பள்ளியின் கூரை தெரிந்தது. "கண்ணுக்குத் தெரிந்தால் போதும்" என்று அங்கேயே கம்பம் நட்டேன். இணைப்பும் கிடைத்தது. ஜூனில் பள்ளி திறந்ததும் இணைப்பு தடுமாறியது. மழை பெய்த அன்று அடியோடு நின்றுவிட்டது.

ஆன்டெனாவில் குறை என்று எண்ணி, மீதியிருந்த பணத்தில் 24 டெசிபெல் ஈட்டம் கொண்ட பெரிய வலைத்தட்டு ஆன்டெனா வாங்கினேன். பயனில்லை. பெற்றோரின் பணம் வீணாயிற்றே என்று இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

ஊராட்சியின் குடிநீர்த் தொட்டியை இயக்கும் அண்ணனிடம் புலம்பினேன். "சார், ஏரிக்கரை வாகை மரத்தைப் பாத்தீங்களா? நீங்க கம்பம் நட்டப்போ அது மொட்டையா நின்னுச்சு. இப்ப தழைச்சுக் கிடக்கு" என்றார். அன்று மாலையே இருவரும் நடந்துபோய்ப் பார்த்தோம். எங்கள் பள்ளியிலிருந்து 2 கி.மீ. தொலைவில், சரியாக நேர்கோட்டில் அந்த மரத்தின் உச்சி இருந்தது. ஈர இலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை நன்றாக உறிஞ்சிவிடும்.

நண்பர்களே, நான் மறந்தது பாடப்புத்தக அறிவியல்தான். ஒளியைப் போல ரேடியோ அலையும் மெல்லிய கோடாகச் செல்வதில்லை. இரு முனைகளிலும் ஒடுங்கி நடுவில் பருத்த வெள்ளரிக்காய் வடிவிலான ஓர் இடம் அதற்கு வேண்டும். அதை ஃப்ரெனெல் மண்டலம் என்பார்கள். எங்கள் இணைப்பில் மரம் நின்ற இடத்தில் அதன் ஆரம் சுமார் 13 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது, அதாவது ஏறத்தாழ 8 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும்.

மரத்தை வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. வடிவொத்த முக்கோணங்கள் கைகொடுத்தன. எங்கள் முனையை 12 மீட்டர் உயர்த்தினால், மரத்தின் மேலே கோடு 8 மீட்டர் உயரும். எதிர் முனையை அதே அளவு உயர்த்தினால் 4 மீட்டர்தான் உயரும். தடை எந்த முனைக்கு அருகில் இருக்கிறதோ அந்த முனையை உயர்த்துவதே லாபம். ஊராட்சியின் அனுமதியுடன், பள்ளிக்கு அடுத்திருந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிக்கு ஆன்டெனாவை மாற்றினோம். இணைப்பு நிலைத்தது. தலைமையாசிரியை இப்போது வகுப்பறையிலிருந்தே வருகைப் பதிவை அனுப்புகிறார்.

ஆக, முதலில் இடம்; பிறகுதான் ஆன்டெனா. எல்லாத் திசையிலும் பரப்பும் ஆன்டெனா குண்டு பல்பு போன்றது. ஊருக்குள் பலருக்குக் கொடுக்க உதவும். தட்டு ஆன்டெனா டார்ச் விளக்கு போன்றது. தொலைவிலுள்ள ஒரே புள்ளிக்கு ஏற்றது. ஆனால் சிறிது திசை மாறினாலும் இணைப்பு போய்விடும். காற்றில் ஆடாத கம்பம் அவசியம். தொலைவு இருமடங்கானால் வந்துசேரும் திறன் நான்கில் ஒரு பங்காகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். உரிமம் தேவையில்லாத அலைவரிசையிலும் திறனுக்குச் சட்ட வரம்பு உண்டு.

இது புதிய முயற்சியும் அல்ல. நம் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களை நெடுந்தொலைவு வைஃபையால் இணைத்தது. மையத்தில் அமர்ந்த நோயாளியைத் தேனியிலிருந்த மருத்துவர் காணொலியில் பார்த்தார். அங்கே பல பழுதுகளுக்குக் காரணம் மின்னழுத்த ஏற்ற இறக்கம். எனவே நல்ல மின்சாரம், நிலத்தொடுப்பு, இடிதாங்கி ஆகியவற்றுக்கும் திட்டத்தில் பணம் ஒதுக்குங்கள். உயரத்தில் ஏறும் வேலையைப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள். மாணவரை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

மாணவர்களுக்குத் தரையிலேயே வேலை இருக்கிறது. நிழலை அளந்து மரத்தின் உயரம் காணட்டும். சமவுயரக் கோட்டு வரைபடத்திலிருந்து இரு ஊர்களுக்கிடையே நிலத்தின் குறுக்குவெட்டை வரையட்டும். எந்த மரம் எந்த மாதம் தழைக்கும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதட்டும். அந்தக் கடைசிக் கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருந்தால், ஒரு ஆன்டெனாவின் விலை மிஞ்சியிருக்கும்.