தானே முடிசூட்டிக்கொண்ட சக்கரவர்த்தி

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எஞ்சினியர் வந்தால் பாலம் பற்றித்தான் பேசுவான் என்பீர்கள். பாலத்திலேயே ஆரம்பிக்கிறேன். வேலை நிமித்தம் நான் சில வருடங்கள் இருந்த சான் பிரான்சிஸ்கோவுக்கும் எதிர்க்கரை ஓக்லண்டுக்கும் நடுவே 1936-ல் பாலம் திறந்தார்கள். அதைக் கட்டச் சொல்லி 1872-லேயே உத்தரவு போட்டவர், அமெரிக்கச் சக்கரவர்த்தி முதலாம் நார்ட்டன்!

அமெரிக்காவுக்கு ஏது சக்கரவர்த்தி என்கிறீர்களா? ஜோஷுவா நார்ட்டன் ஒரு வியாபாரி. அரிசி விலை ஏறிய சமயம், பெரு நாட்டு அரிசி ஒரு கப்பலை மொத்தமாக விலை பேசினார். பின்னாலேயே மேலும் கப்பல்கள் வந்தன. விலை சரிந்தது, கோர்ட், கேஸ் என்று அலைந்து திவாலானார். 1859 செப்டம்பரில், இனி நானே சக்கரவர்த்தி என்று ஒரு பத்திரிகைக்கு அறிக்கை கொடுத்தார். அவர்களும் வேடிக்கையாக அச்சிட்டார்கள்.

அப்புறம் என்ன, உத்தரவு மேல் உத்தரவுதான். மோசடியும் ஊழலும் பெருகிவிட்டதாம்; காங்கிரஸைக் கலைத்தார். (நம் ஊர்க் கட்சி அல்ல, அந்த ஊர்ப் பாராளுமன்றம்!) யாரும் கலையவில்லை. 1860-ல், படையோடு போய் சபையைக் காலி செய்யும்படி தளபதிக்கே கட்டளையிட்டார். 1869-ல் இரண்டு பெரிய கட்சிகளும் ரத்து! ஊர் சிரித்தது, சாப்பாடும் போட்டது. 1867-ல் ஒரு போலீஸ்காரர் பைத்தியமென்று பிடித்துப்போனபோது, ஊரே கண்டித்து அவரை மீட்டது.

2021 ஜனவரி 6 அன்று அதே பாராளுமன்றத்துக்குள் ஒரு கூட்டம் கதவு ஜன்னலை உடைத்துப் புகுந்தது. தேர்தலில் மோசடி என்று, கோர்ட்டுகள் தள்ளுபடி செய்த பேச்சை நம்பி வந்த கூட்டம். நார்ட்டன் பேச்சும் இதே ரகம்தான். அன்று கேட்டவர்கள் சிரித்தார்கள். இவர்கள் கிளம்பிப் போனார்கள். ஆபத்து பேசுகிறவரிடம் பாதி என்றால், கேட்கிறவரிடம் மீதி.

இன்னொன்றும் உண்டு. விற்பனைக்காகப் பத்திரிகைக்காரர்களே உத்தரவுகளை எழுதி நார்ட்டன் பெயரில் போட்டார்கள். இன்று தலைவர் சொன்னதாக உங்கள் செல்போனுக்கு வருகிறதே, அதில் எத்தனை அவர் சொன்னது?

தம்பி தங்கைகளே, லேப் ரெக்கார்டைப் பார்த்ததும் "இந்த ரீடிங் எங்கே எடுத்தது?" என்று நம் ஆசிரியர்கள் கேட்பார்கள் அல்லவா? அந்தக் கேள்வியை லேபிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஓட்டுப் போடும்போதும், ஒரு செய்தியை நாலு பேருக்கு அனுப்பும் முன்பும் கேளுங்கள்.