பாட்டில் கணக்கைக் கேட்போம்

(ஆவூர் காலனியில் பேசியதன் எழுத்து வடிவம்)



கஞ்சாவுலருந்து தொடங்குறேன். பயப்படாதீங்க, விக்க வரல. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி கடைச்சரக்கு. கேனோபி குரோத், டில்ரே போன்ற கம்பெனிகள் பங்குச்சந்தையில் இருக்கின்றன. மூணு மாசத்துக்கு ஒருதடவை அவற்றின் நிர்வாகிகள் போனில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். நிதி நிறுவனத்து ஆளுங்க கேக்குறாங்க: எத்தனை கடை? கடைக்கு எவ்வளவு விற்பனை? கடன் எப்ப அடையும்? காசு போட்டவன் சார்பா கேள்வி, கம்பெனிக்காரன் பதில். அமெரிக்காவிலோ, அதே கஞ்சாவை வைத்திருந்ததாகக் கறுப்பரைக் கைது செய்த விகிதம் வெள்ளையரைப்போல மூன்று மடங்குக்கு மேல் என்று ஏ.சி.எல்.யு. அமைப்பு 2020இல் கணக்குக் காட்டியது. ஜெயிலுக்குப் போனவனுக்கு அந்தப் போனில் கேள்வி கேட்க இடமில்லை.

நம்ம கதைக்கு வருவோம். இங்கே கஞ்சா விற்பது 1985 சட்டப்படி குற்றம். மது அரசாங்க வியாபாரம். டாஸ்மாக் 1983இல் மொத்த வியாபாரத்துக்கு ஏற்பட்டது. 2003 நவம்பரில் சில்லறைக் கடையும் அதன் கைக்கு வந்தது. இதில் காசு போட்டவன் யார்? கூலி வாங்கின கையோட கடைக்குப் போற நம்ம ஆளு. அப்ப கேள்வி கேக்க வேண்டியது நாமதானே?

2023 ஜூனில் 500 கடையை மூடினாங்க. 5,329 கடை 4,829 ஆச்சு. கைதட்டினோம். மது மூலமான வரி வருமானம் என்ன ஆச்சு? 2022-23இல் 44,121 கோடி, 2024-25இல் 48,344 கோடி. வகுத்துப் பாருங்க. முன்னாடி கடைக்கு 8 கோடி 28 லட்சம். பிறகு, 4,829ஐ வைத்தே வகுத்தாலும் 10 கோடி. 2024 பிப்ரவரியில் குவார்ட்டருக்குப் பத்து ரூபாய் ஏத்தினதும் இதுல சேர்த்திதான். கடை குறைஞ்சது, கறக்கிறது குறையல. கம்பெனிக்காரன் பாஷையில் இதற்குப் பேர் வளர்ச்சி.

வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். சாதாரணக் குவார்ட்டர் 140 ரூபாய்னு வச்சா, தினம் ஒண்ணு, வருசத்துக்கு 51,100. நூறுநாள் வேலைக்கு 2025-26இல் ஒருநாள் கூலி 336. நூறு நாளும் முழுசா கிடைச்சா 33,600. ஆத்தா வெயில்ல கண்மாய் வெட்டின காசு மகன் குடிக்கவே பத்தாது.

சின்னப் பிள்ளையில பெரியநாயகி மாதா கோயில் தேர் பார்க்க எங்கய்யா தோளில் உட்கார்ந்து இந்த ஊருக்கு வந்திருக்கேன். அவரு சாராயத்துல போனவரு. எழவுக்கு வந்த பண்ணையார் "குடிச்சே செத்தான்"னு ஒரே சொல்லுல முடிச்சுட்டாரு. நாள் முழுக்க வரப்பு வெட்டினவருக்குச் சாயந்தரம் கூலியில பாதியை அவரு சாராயமாத்தான் கொடுத்தாருங்கறதை யாரும் பேசல. மேலத்தெருவுல ஃபிரிட்ஜுல வச்சுக் குடிச்சா அந்தஸ்து, சேரிக்காரன் குடிச்சா புத்தி! நானும் இருபது வருசம் அப்படித்தான் எங்கய்யாவை ஏசிக்கிட்டிருந்தேன்.

"மூடினா கள்ளச்சாராயம் வரும்" என்பாங்க. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தாங்களே, அப்ப டாஸ்மாக் கடை திறந்துதானே இருந்துச்சு? குவார்ட்டர் வாங்கக் காசில்லாத கூலிக்காரன் பாக்கெட்டுக்குப் போனான். விலை ஏத்தினவங்க இதையும் கணக்கில் வைக்கணும்.

கடைக்குள்ள நிக்கிறவங்களும் நம்ம பிள்ளைங்கதான். 2025 ஏப்ரலில் சம்பளத்தில் 2,000 கூட்டியபோது கணக்கில் வந்தவங்க 23,629 பேர். அத்தனையும் தொகுப்பூதியம். அவங்களை அடிக்கப் போகாதீங்க.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. கடை மூடியிருக்கிற இந்த நாள்லதான் கிராமசபையும் கூடுது. நம்ம ஆளு தெளிவா இருக்கிற நாள். அன்னைக்கு வாங்க. நம்ம பஞ்சாயத்துக்குப் பக்கத்துக் கடையில ஒரு வருச விற்பனை எவ்வளவு, அதுல வரி எவ்வளவு, அதுலருந்து இந்தக் காலனிக்குத் திரும்பி வந்தது எவ்வளவு? மூணு கேள்வியையும் தாள்ல எழுதிக் கொடுங்க. தீர்மான நோட்டுல ஏத்துற வரைக்கும் பெண்கள் யாரும் எந்திரிக்க வேணாம்.