கடற்கரைக்கு வழி கேட்டோம்

ஒரு மொழியை அறிந்தோமா இல்லையா என்பதை வகுப்பறையில் ஆசிரியர் ஒருவாறு சொல்லிவிடுவார். முடிவாகச் சொல்பவர் வண்டியோட்டிதான். இலக்கணத் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றவரும், இறங்க வேண்டிய இடத்தைச் சொல்ல நா எழாமல் ஊர்க் கோடிவரை சென்று மீள்வதுண்டு. வேற்றுமொழி வழங்கும் மாநிலங்களில் குடியேறி வாழும் நேயர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2022-ஆம் ஆண்டுக் கோடையில் எபிரேய மொழி பயில்வதற்காக எருசலேமில் தங்கியிருந்த நாங்கள், விடுமுறை நாளில் டெல் அவிவ் கடற்கரைக்குச் சென்ற வழியைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறோம்.

எபிரேயம் பதினாறு நூற்றாண்டுகளுக்கு மேலாக எவருடைய தாய்மொழியாகவும் இராமல், வழிபாட்டிலும் ஏட்டிலும் மட்டுமே வாழ்ந்த மொழி. 1881-இல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெகூதா, தம் இல்லத்தில் அதனையே பேசித் தம் மகனையும் அதனிலேயே வளர்த்தார். அன்றாட வாழ்வுக்குச் சொற்கள் வேண்டியிருந்தன. புகைவண்டிக்கு ‘ரக்கேவெத்’ என்று ஒரு சொல் அமைத்தனர். தேரைக் குறிக்கும் பழஞ்சொல் பிறந்த வேரிலிருந்தே அதுவும் பிறந்தது. பஸ்ஸோ ‘ஓட்டோபூஸ்’ என்று அயல்மொழிப் பெயரோடே நின்றுவிட்டது. அறிஞர் ஆக்கும் சொற்களுள் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை அங்கும் பொதுமக்களே முடிவு செய்கின்றனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இது நெஞ்சில் பதிந்த பாடம்.

பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியோர்க்கு எபிரேயம் கற்பிக்கும் பள்ளிகளை ‘உல்பான்’ என்பர். முதல் உல்பான் 1949-இல் எருசலேமில் தொடங்கப் பெற்றது. எங்கள் உல்பானில் வெள்ளியும் சனியும் விடுமுறை. கடலுக்குச் செல்ல வேறு நாள் இல்லை. ஆனால், வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை இரவு வரை யூதர்களின் ஓய்வுநாள். அந்நேரத்தில் ரயில்கள் ஓடுவதில்லை. பேருந்துகளும் பெரும்பாலும் நின்றுவிடும். எருசலேமையும் டெல் அவிவையும் நேராக இணைக்கும் விரைவு ரயில் 2019 டிசம்பர் முதல் ஓடினாலும், சனிக்கிழமைப் பகலில் அதனால் எங்களுக்குப் பயனில்லை.

கால அட்டவணையைப் படிப்பதும் ஒரு கலை. அங்கே கிழமைகளுக்குப் பெயர் இல்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்ற எண்களே. சனி ஒன்றுக்குத்தான் ‘ஷப்பாத்’ என்னும் தனிப்பெயர் உண்டு. அந்த எண்களையும் எழுத்துகளாலேயே குறிப்பர். முதலெழுத்து ஞாயிறு, ஆறாம் எழுத்து வெள்ளி. க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று எழுதிய முன்னோரின் வழிவந்த நமக்கு இம்முறை வியப்பளிப்பதன்று. வரி வலமிருந்து இடமாக ஓடும். நேரத்தைக் காட்டும் இலக்கங்கள் இடமிருந்து வலமாக நிற்கும். கண் இருபுறமும் பழக வேண்டும்.

ஓய்வுநாளில் துணை செய்வது ‘ஷெரூத்’ என்னும் பங்கு வண்டி. பத்துப் பேர் அமரும் சிறு வண்டி. ஆள் நிறைந்ததும் புறப்படும். பின்னால் இருப்பவர் கட்டணத்தை முன்னால் இருப்பவரிடம் கொடுக்க, அது கைமாறிக் கைமாறி ஓட்டுநரை அடையும். மீதிச் சில்லறையும் அவ்வாறே திரும்பி வரும். அக்காசைக் கைமாற்றும்போதே எண்ணுப்பெயர்கள் நாவில் ஏறிவிடும்.

எருசலேம் கடல்மட்டத்துக்கு 700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அந்நகருக்குச் செல்வதை எபிரேயர் ‘ஏறுதல்’ என்பர். வண்டிக்குள் புகுவதற்கும் அதே சொல், வெளிவருவதற்கு ‘இறங்குதல்’. தமிழன் பேருந்தில் ஏறி இறங்குவது போலவேதான்! ஆங்கிலத்தின் வழியே எபிரேயம் கற்ற எங்களுக்கு, இவ்விடத்தில் தமிழே நேர்வழி காட்டியது.

டெல் அவிவ் சேர்ந்ததும், நான்காம் எண் ஷெரூத்தில் ஏறிக் கடலையொட்டிய பகுதிக்குச் சென்றோம். பெருவண்டியில் பொத்தானை அழுத்தினால் போதும். ஷெரூத்திலோ வாய் திறந்து சொல்ல வேண்டும். ‘இறங்குகிறேன்’ என்பதற்கு ஆடவர் ‘அனி யோரேத்’ என்பர். பெண்டிர் ‘அனி யோரெதெத்’ என்பர். இந்தி வழங்கும் ஊர்களில் வாழும் நேயர்கள் இவ்வேறுபாட்டை நன்கறிவர். ‘இங்கே’ என்பதற்கு எபிரேயத்தில் ‘போ’ என்று பெயர். வண்டியை நிறுத்த வேண்டியவர் ‘போ’ என்று சொல்வதைக் கேட்டுத் தமிழர் நகைக்காதிருத்தல் அரிது.

எங்களுடன் பயின்றவருள், அவ்வாண்டு மூண்ட போரால் உக்ரைனை விட்டு வந்த முதிய அம்மையார் ஒருவர் இருந்தார். மகள் உடன் வராமல் அவர் எங்கும் சென்றதில்லை. அன்று அவர் இருக்கையில் நிமிர்ந்தமர்ந்து, “அனி யோரெதெத்” என்றார். ஓட்டுநர் திரும்பியும் பார்க்கவில்லை; வண்டியை நிறுத்தினார். அவ்வளவே. அந்த அம்மையாரின் முகமலர்ச்சியை எந்தச் சான்றிதழும் தந்திராது.

நாங்கள் இறங்கிய தெரு, பென் யெகூதாவின் பெயர் தாங்கியது. அதிலிருந்து கடலை நோக்கிச் செல்வது ஃபிரிஷ்மன் தெரு. பலகையில் உயிர்க்குறிகள் இல்லை. முதலெழுத்தைப் பகரமாகவும் படிக்கலாம், ஃபகரமாகவும் படிக்கலாம். ஒரே ககரத்தை இடத்துக்கேற்ப ஒலிக்கும் நமக்கு இது புதிதன்று. தாவீது ஃபிரிஷ்மன் எபிரேய எழுத்தாளர். தாகூரின் நூல்களை எபிரேயத்தில் பெயர்த்தவர். கடற்கரைக்கும் அவர் பெயரே. நம் நாட்டுக் கவிஞரைத் தம் மொழிக்கு அழைத்துச் சென்ற ஒருவரின் பெயரை மக்கள் நாள்தோறும் வண்டியில் சொல்லி இறங்குகின்றனர்.

அப்போது கடற்கரையில் வெண்கொடி பறந்தால் நீராடலாம் என்பது விதியாக இருந்தது. செங்கொடி இடருக்கு அறிகுறியாக இருந்தது. கருங்கொடி பறந்தால் எவரும் நீரில் இறங்கலாகாதிருந்தது. கொடி எல்லார்க்கும் புரியும். காவலர் ஒலிபெருக்கியில் விடுக்கும் எச்சரிக்கை, மொழி அறிந்தவர்க்கே புரியும். உயிரைக் காப்பதும் மொழிதான் என்பதை அங்கே உணர்ந்தோம். கடலைக் குறிக்கும் ‘யாம்’ என்னும் சொல் பழைய எபிரேயத்தில் மேற்கையும் குறிக்கும்; அவர்களுக்குக் கடல் மேற்கே கிடப்பதால். நிலத்தின் மேடுபள்ளம் கண்டு மேற்கு, கிழக்கு என்று பெயரிட்டவர் நம் முன்னோர். வாழும் நிலமே மொழிக்கு முதலாசிரியர் போலும்!

நேயர்களே, நம் இல்லங்களிலும் அத்தகைய அம்மையார் உளர். மணம் முடிந்து தில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ வந்து, கணவரோ மகனோ உடன் வந்தாலன்றிக் கடைத்தெருவுக்கும் செல்லாமல் பல்லாண்டுகளைக் கழித்த தாய்மார் பலர். அவர்களுக்கு அவ்வூர் மொழியில் காவியம் வேண்டா. ‘இவ்வண்டி எங்கே செல்லும்?’, ‘கட்டணம் எவ்வளவு?’, ‘இங்கே இறங்குகிறேன்’ என்னும் மூன்று தொடர்கள் போதும். ஊர் அவர்களுக்குத் திறந்துவிடும். நம் தமிழ்ச் சங்கங்கள் பண்டிகை நாள்களைக் கொண்டாடுவதோடு, புதிதாக வந்தவர்க்கு இம்மூன்று தொடர்களைக் கற்பித்து, ஒருமுறை வண்டியில் உடனழைத்துச் சென்று, மறுமுறை அவர்களைத் தனியே அனுப்பி வைக்குமாயின் அது பெருந்தொண்டாகும். அண்டை வீட்டார் மொழியைக் கற்பதால் தமிழ் தேயாது; தமிழ் பேசும் தாய் தலைநிமிர்ந்து நடப்பாள்.